எடுத்த இடம்

எலும்பு மாற்றுப் பொருட்களைப் பற்றிய ஆய்வுக் கட்டுரைகளின் முதல் பத்தியை மட்டும் அடுத்தடுத்துப் படித்துப் பார்த்தால், அத்தனையையும் ஒரே ஆசிரியர் எழுதியது போலத் தோன்றும். நோயாளியின் சொந்த உடலிலிருந்து எடுக்கும் எலும்பே இன்றுவரை ‘கோல்டு ஸ்டாண்டர்டு’. எனினும் அதை எடுப்பதற்கு அளவுண்டு, எடுத்த இடத்தில் சில தொல்லைகளும் உண்டு. ஆகவே மாற்றுப் பொருட்கள் தேவை. ஆகவே எங்கள் பொருள். இந்த நான்கு படிகளில் ஏறித்தான் உலகெங்கும் ஆய்வாளர்கள் தத்தம் ஆய்வுக்குள் நுழைகிறார்கள். என் ஆய்வேட்டின் முதல் இயலும் அப்படித்தான் தொடங்க வேண்டும் என்பது எழுதப்படாத விதி. மூன்று வாரங்களாக இரண்டாவது படியிலேயே நிற்கிறேன். ‘எடுத்த இடத்தில் சில தொல்லைகள்’ என்று நாங்கள் அரை வரியில் கடந்துபோவது இன்னதென்று எனக்கு வீட்டிலேயே தெரியும். ஆய்வேட்டில் இடமில்லாத அதை இங்கே எழுதுகிறேன். பதிவு நீளமானது, மருத்துவம், வேதியியல், பொருளறிவியல் பயிலும் நண்பர்கள் பொறுமையோடு படிப்பார்கள் என்று நம்புகிறேன்.

முதலில், எலும்புக்கு ஏன் ஒட்டு வேண்டியிருக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். முறிந்த எலும்பு பெரும்பாலும் தானே கூடும். தோலில் காயம் ஆறினால் தழும்பு மிஞ்சும். எலும்பில் முறிவு ஆறினால் மறுபடியும் எலும்பே மிஞ்சும். உடலில் இந்தப் பேறு பெற்ற திசுக்கள் மிகச் சில. முறிந்த இடத்தில் குருதி உறைந்து, அதன்மேல் மென்மையான இணைப்புத் திசு வளர்ந்து, அது கடினமாகி, பின்னர் மாதக்கணக்கில் செதுக்கப்பட்டுப் பழைய வடிவத்தை அடைகிறது. செதுக்குவதற்கென்று ஒருவகை உயிரணுக்களும் கட்டுவதற்கென்று வேறொருவகை உயிரணுக்களும் உண்டு. ஆனால் இடைவெளி மிகப் பெரிதானால், அல்லது குருதியோட்டம் அறுந்துபோனால், அல்லது முறிந்த முனைகள் ஓயாமல் அசைந்துகொண்டிருந்தால், இந்த வேலை பாதியில் நின்றுவிடும். ஒன்பது மாதம் கடந்தும் கூடாத எலும்பைக் ‘கூடா முறிவு’ எனக் கொள்வது வழக்கம். கீழ்க்காலின் முன்னெலும்புக்கு இந்தக் கேடு அதிகம் நேர்கிறது. அதன் ஒரு பக்கம் முழுவதும் தோலுக்கு அடியிலேயே இருக்கிறது, மூடிக்காக்கத் தசை இல்லை.

நின்றுபோன வேலையை மறுபடி தொடங்கிவைப்பதற்கு மூன்று வேண்டும்: எலும்பைக் கட்டும் உயிரணுக்கள், அவற்றை எழுப்பிவிடும் வேதிச் சமிக்ஞை, அவை பற்றி ஏறிச்செல்ல ஒரு தளம். இம்மூன்றும் ஒருங்கே அமைந்தது நோயாளியின் சொந்த எலும்பு. அதை வழக்கமாக எடுக்கும் இடம் இடுப்பெலும்பின் மேல்விளிம்பு. நீங்கள் இரு கைகளையும் இடுப்பில் ஊன்றி நிற்கும்போது கைக்குத் தட்டுப்படும் அந்த முகடுதான். அங்கே தோலைக் கீறி, உளியால் மேல்மூடியைப் பெயர்த்து, உள்ளிருக்கும் கடற்பாசி போன்ற எலும்பைச் சுரண்டி எடுத்து, முறிவின் இடைவெளியில் திணிப்பார்கள். நூறாண்டுகளுக்கும் மேலாக நடைமுறையில் உள்ளது இது. அமெரிக்க அறுவை மருத்துவர் பிரெட் ஆல்பீ எலும்பு ஒட்டு அறுவைக்கென்றே தனி நூல் எழுதியது 1915இல்.

என் அப்பா பனையேறி. விளவங்கோடு பக்கம் எங்கள் ஊர். 1956 வரை அதுவும் திருவிதாங்கூர்-கொச்சிதான். அதனால் பெரிய நோய் என்றால் எங்கள் பக்கத்தார் இன்றும் திருவனந்தபுரத்துக்குத்தான் வண்டியேறுவார்கள். அப்பா பனையிலிருந்து விழுந்தபோது நான் நான்காம் வகுப்பில் இருந்தேன். முதலில் ஊர் ஆசானிடம் போனார்கள். அவர் மூங்கில் தப்பை வைத்து, உளுந்து மாவும் முட்டை வெள்ளையும் குழைத்துப் பூசிக் கட்டினார். ஆசான்மார்களை இகழ்ந்து பேசுவது எங்கள் துறையில் ஒரு வழக்கம். நான் அதில் சேரமாட்டேன். எங்கள் தெருவில் அவர் கட்டிய எத்தனையோ கைகளும் கால்களும் நேராகவே கூடியிருக்கின்றன. ஆனால் அப்பாவின் கால் கூடவில்லை. எட்டு மாதம் கழித்துத் திருவனந்தபுரத்தில் ஒரு மருத்துவமனையில் உலோகத் தகடு பொருத்தி, வலப்புற இடுப்பிலிருந்து எலும்பெடுத்து வைத்தார்கள். அடுத்த ஆறு மாதத்தில் கால் கூடிவிட்டது. எக்ஸ்ரே படத்தைப் பார்த்த மருத்துவருக்கு அவ்வளவு மகிழ்ச்சி. அது நியாயமான மகிழ்ச்சிதான், செய்தவர் கைதேர்ந்தவர்.

பனையேறுவது எப்படி என்று பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். காலில் தளைநார், கையில் முருக்குத்தடி, இடுப்பில் அருவாப்பெட்டி. பாளை சீவும் அரிவாள்களும் சுண்ணாம்பும் இருக்கும் அந்தப் பெட்டியை வாரினால் இடுப்பைச் சுற்றி இறுக்கிக் கட்டி, ஒரு பக்கமாகத் தொங்கவிட்டிருப்பார்கள். அக்கானி நிறைந்த கலயமும் இறங்கும்போது அங்கேதான் தொங்கும். ஆக, ஒரு நாளைக்கு முப்பது நாற்பது பனை ஏறி இறங்குகிறவரின் மொத்தச் சுமையும் வார் வழியே அழுந்தும் இடம் இடுப்பெலும்பின் மேல்விளிம்பு. அப்பா பெட்டி கட்டியது வலப்பக்கம்.

கால் கூடியபின் அவர் மறுபடி ஏறிப் பார்த்தார். காலில் நோவு இல்லை. வார் பட்ட இடத்தில் நெருப்பு வைத்தாற்போல் இருக்கும் என்பார். தொடையின் வெளிப்புறம் ஓர் உள்ளங்கை அகலத்துக்கு மரத்துப்போயிருந்தது. “மக்ளே, ஒடிஞ்சது காலு, நோவுகது இடுப்பு. இது என்ன கணக்கு?” என்று கேட்டிருக்கிறார். பெட்டியை இடப்பக்கம் மாற்றிக் கட்டிப் பார்த்தார். இருபது ஆண்டுப் பழக்கத்தில் வலக்கை வலப்பக்கம்தான் போயிற்று, பனை உச்சியில் கை தடுமாறினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. மூன்று மாதத்தில் தொழிலை விட்டுவிட்டார். பிறகு ரப்பர்த் தோட்டத்தில் காவல் வேலை. அவருடைய மருத்துவக் கோப்பு என்னிடம் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் ‘எலும்பு கூடிவிட்டது, இயல்பாக நடக்கிறார்’ என்ற பொருளில் ஒரு குறிப்பு. இடுப்பைப் பற்றி அந்தக் கோப்பில் ஒரு வரிகூட இல்லை. யாரும் கேட்கவில்லை; அப்பாவும் சொல்லவில்லை, காலைப் பார்க்க வந்த இடத்தில் இடுப்பைப் பற்றி எப்படிச் சொல்வது என்று நினைத்திருக்கிறார்.

அவருடைய நோவுக்குப் பெயரும் விளக்கமும் உண்டு என்பது நான் முதுகலை படிக்கும்போதுதான் தெரியவந்தது. தொடையின் வெளிப்புறத்துக்கு உணர்ச்சியைக் கொண்டுசெல்லும் ஒரு மெல்லிய நரம்பு இடுப்பெலும்பின் முன்முனையை ஒட்டி ஓடுகிறது. சிலருக்கு அது விளிம்பின் மேலேயே ஏறிக் கடக்கும். கீறும்போதோ தசையை விலக்கும்போதோ அது இழுபட்டால் மரத்துப்போகும், அல்லது எரியும். 1989இல் யங்கர், சாப்மன் என்ற இருவர் 239 நோயாளிகளிடம் எடுக்கப்பட்ட 243 ஒட்டுகளை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரை இந்தத் துறையில் ஓயாமல் மேற்கோளாகிறது: எடுத்த இடத்தில் பெரிய சிக்கல்கள் 8.6 விழுக்காடு, சிறிய சிக்கல்கள் 20.6 விழுக்காடு. பின்வந்த ஆய்வுகளில் எண்கள் ஏறியும் இறங்கியும் வருகின்றன. எதைச் சிக்கல் எனக் கொள்வது, எத்தனை மாதம் கழித்துக் கேட்பது என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது. அந்த அட்டவணைகளில் நீடித்த வலியும் மரப்பும் பெரும்பாலும் ‘சிறிய’ என்ற தலைப்பின் கீழ்தான் வரும். சிறிது பெரிது என்பதை முடிவுசெய்தவர் இடுப்பில் எதையும் கட்டாதவர் என்று எனக்குள் ஒரு கசப்பு எழும். அது நியாயமில்லை என்றும் தெரியும்.

ஆக, மாற்றுப் பொருள் என்னும் கேள்வி எனக்கு இங்கிருந்து தொடங்குகிறது. பிறர் எலும்பு, விலங்கின் எலும்பு, மனிதன் செய்த பொருள் என்று மூன்று வழிகள் உண்டு.

பிறர் எலும்பை வைக்கும் முயற்சி பழையது. ஸ்காட்லாந்தில் வில்லியம் மக்யூவன் ஒரு சிறுவனின் மேற்கை எலும்பை வேறு நோயாளிகளிடமிருந்து எடுத்த எலும்புத் துண்டுகளால் மறுபடி கட்டியெழுப்பியது 1880ஐ ஒட்டி. இன்று இதற்குத் திசு வங்கிகள் உண்டு. மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் திசு வங்கி பன்னாட்டு அணுசக்தி முகமையின் திட்டத்தின்கீழ் 1988இல் தொடங்கியது. அங்கே எலும்பைக் கழுவி, உறையவைத்து உலர்த்தி, காமாக் கதிரால் நுண்ணுயிர் நீக்கித் தருகிறார்கள். உயிரணுக்கள் போய்விடும், தளம் மிஞ்சும், சமிக்ஞையில் ஓரளவு மிஞ்சும். இடுப்பு மூட்டு மாற்று அறுவையின்போது வெட்டி எடுக்கப்படும் தொடையெலும்பின் தலை இதற்கு மிக நல்ல மூலப்பொருள். வங்கி வசதியில்லாத மருத்துவமனைகளில் அது கழிவாகப் போகிறது. உறுப்பு மாற்றுச் சட்டம் 1994இல் வந்தபோது திசுக்களைப் பற்றித் தனியே பேசவில்லை. 2011 திருத்தம்தான் திசுக்களையும் அதற்குள் கொண்டுவந்தது. கண்தானம் என்ற சொல் நம் ஊர்களில் வேரூன்றிய அளவுக்கு எலும்புதானம் என்ற சொல் வேரூன்றவே இல்லை. வாழும் கொடையாளர் ஒருவர் தம் உடலிலிருந்து எப்படியும் நீக்கப்படவிருக்கும் எலும்பைக் கொடுக்க ஒரு கையெழுத்துப் போதும். பிறகு குருதிச் சோதனைகளும் ஆறு மாதக் காத்திருப்பும். இவ்வளவு எளிய வழி ஏன் இவ்வளவு குறைவாகப் பயன்படுகிறது என்பது, என் எண்ணத்தில், பொருளறிவியலுக்கு அப்பாற்பட்ட கேள்வி.

விலங்கெலும்பின் கதை விந்தையானது. பதினேழாம் நூற்றாண்டில் டச்சு அறுவை மருத்துவர் யோப் வான் மேகரன் ஒரு குறிப்பை எழுதிவைத்திருக்கிறார்: ருஷ்யப் போர்வீரர் ஒருவரின் மண்டையோட்டுக் காயத்தை நாயின் எலும்பால் மூடினார்களாம், அது நன்றாகப் பொருந்தியும் விட்டதாம், செய்தி அறிந்த திருச்சபை அவரை விலக்கிவைத்ததாம், நாயெலும்பை எடுத்துவிடச் சொல்லி அவர் வந்தபோது எடுக்க முடியாதபடி கூடியிருந்ததாம். நடந்ததோ இல்லையோ, இக்கதை இன்றும் நம் பல் மருத்துவமனைகளில் வேறு வடிவில் நடக்கிறது. ஈறுக்கடியில் கரைந்த எலும்பை நிரப்ப மாட்டெலும்பிலிருந்து செய்த துகள்கள் உலகெங்கும் பயன்படுகின்றன. கரிமப் பகுதி முழுவதும் நீக்கப்பட்ட கனிமம்தான் அது. மருத்துவ நோக்கில் நம்பகமானது. ஆனால் எது எங்கிருந்து வந்தது என்று நோயாளியிடம் தெளிவாகச் சொல்லப்பட வேண்டும், அவர் வேண்டாமென்றால் வேறொன்று இருக்க வேண்டும்.

இனி என் வேலைக்கு வருகிறேன். எலும்பின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கனிமம். அது ஹைட்ராக்சிஅபடைட் என்னும் கால்சியம் பாஸ்பேட்டின் உறவுப்பொருள். இதை ஆய்வகத்தில் செய்வது கடினமன்று. கால்சியம் நைட்ரேட் கரைசலில் அம்மோனியம் பாஸ்பேட் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். காரத்தன்மை குறையாதபடி அம்மோனியா சேர்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கண்ணெரிச்சலோடு சில மணி நேரம் கிளறினால் பால்போல் ஒரு வீழ்படிவு கிடைக்கும். அதை முதிரவிட்டு, கழுவி, உலர்த்தி, அச்சில் அழுத்தி, 1,200 டிகிரி செல்சியஸ் அளவில் சுட்டெடுத்தால் வெள்ளைப் பீங்கான். கால்சியத்துக்கும் பாஸ்பரசுக்கும் உள்ள விகிதம் 1.67 ஆக இருக்க வேண்டும். அது 1.5க்கு இறங்கினால் கிடைப்பது டிரைகால்சியம் பாஸ்பேட், குணத்தில் வேறான பொருள். முன்னது உடலில் ஆண்டுக்கணக்கில் கரையாமல் இருக்கும்; பின்னது மெல்லக் கரைந்துபோகும். இரண்டையும் கலந்து சுடுவதும் உண்டு.

கரைவது நல்லதா, கரையாதது நல்லதா என்று என் வகுப்புத் தோழர்கள் கேட்பதுண்டு. வீடு கட்டும்போது சாரம் கட்டுகிறோம். சுவர் எழும்பியதும் அவிழ்க்கிறோம். சுவர் எழும்புமுன் அவிழ்த்தால் கொத்தனார் விழுவார். எழும்பியபின்னும் அவிழ்க்காவிட்டால் வீடு வீடாக இராது. பீங்கானின் துளைகள் நூறு மைக்ரானுக்கும் குறைந்தால் குருதிக்குழாய்கள் நுழைவது அரிது. முன்னூறுக்கு மேல் இருந்தால் நன்று. ஆனால் துளை கூடக் கூட வலிமை குறையும். கெட்டியான எலும்பு நூறு மெகாபாஸ்கலுக்கும் மேற்பட்ட அழுத்தத்தைத் தாங்கும். துளை நிறைந்த பீங்கான் சில மெகாபாஸ்கலில் நொறுங்கிவிடும். எலும்பில் கனிமத்தோடு கொலாஜன் இழைகளும் பின்னியிருப்பதால் விரிசல் ஓடினாலும் தடுத்துப் பிடிக்கும். பீங்கானுக்கு அந்தப் பிடிமானம் இல்லை. தேநீர்க் கோப்பை எப்படி உடைகிறதோ அப்படித்தான் அது உடையும்.

எலும்பின் குறையைக் கனிமத்தால் நிரப்பும் எண்ணம் புதிதன்று. 1892இல் டிரீஸ்மன் என்ற ஜெர்மானியர் பாரிஸ் சாந்தை எலும்புக்குழிகளில் நிரப்பினார். 1960களின் இறுதியில் அமெரிக்காவில் லாரி ஹெஞ்ச், வியட்நாம் போரிலிருந்து திரும்பிய ஒரு படை அதிகாரியோடு பேருந்தில் பேசிக்கொண்டு வந்ததன் விளைவாக, உடல் ஒதுக்காத கண்ணாடியைத் தேடத் தொடங்கினார். சிலிக்காவோடு சோடியம், கால்சியம், பாஸ்பரஸ் ஆகியவற்றின் ஆக்சைடுகள் சேர்ந்த அவருடைய கண்ணாடி எலியின் தொடையெலும்போடு பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொண்டது. அதுவரை ‘உடலுக்குத் தீங்கு செய்யாத பொருள்’ என்பதே உச்சம். அதன்பின் ‘உடலோடு பிணையும் பொருள்’ என்ற எண்ணம் பிறந்தது.

அதே காலத்தில், 1965இல், மார்ஷல் யூரிஸ்ட் வேறொன்றைக் கண்டார். கனிமத்தை அமிலத்தால் நீக்கிய எலும்பைத் தசைக்குள் வைத்தால், தசைக்குள்ளேயே எலும்பு முளைத்தது. எலும்பின் சமிக்ஞை கனிமத்தில் இல்லை, புரதத்தில் இருக்கிறது என்று பொருள். அந்தப் புரதம் 2002இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. கழுத்து முதுகெலும்பு அறுவைகளில் அதனால் உயிருக்கே ஆபத்தான வீக்கம் நேர்ந்ததென்று 2008இல் எச்சரிக்கையும் வந்தது. விலையோ எங்கள் ஊர்க்காரர் எட்ட முடியாதது.

பூஜப்புரா என்றால் இந்நகரத்தார் முதலில் நினைப்பது மத்தியச் சிறையை. எனக்கு அங்கே சாட்டல்மண்ட் அரண்மனை. 1924 முதல் 1931 வரை திருவிதாங்கூரை ஆட்சிப் பொறுப்பில் இருந்து நடத்திய சேது லட்சுமி பாயி வாழ்ந்த மாளிகை. இன்று ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் உயிர்மருத்துவத் தொழில்நுட்பப் பிரிவு. மருத்துவமனை மருத்துவக் கல்லூரி வளாகத்தில் இருக்கிறது. அரச குடும்பம் 1973இல் மக்களுக்கென்று அளித்த கட்டடத்தில் 1976இல் அது தொடங்கியது. 1980இல் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் பெற்ற நிறுவனமானது. மருத்துவமனையையும் பொருள் செய்யும் ஆய்வகத்தையும் ஒரே நிர்வாகத்தின்கீழ் வைக்க வேண்டும் என்பது அதன் முதல் இயக்குநர் எம்.எஸ். வலியத்தானின் பிடிவாதம். அவர் இதய அறுவை மருத்துவர். இதய வால்வை இங்கேயே செய்ய முனைந்தார். முதல் மூன்று வடிவங்கள் தோற்றன, நான்காவது நிலைத்தது. 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. பின்னர் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு. வால்வின் புகழில் மறைந்துபோன வேறொரு பணியைப் பற்றித்தான் நான் சொல்ல வந்தது.

அங்கே உயிர்ப்பீங்கான் பிரிவில் ஹரிகிருஷ்ண வர்மாவும் மனோஜ் கோமத்தும் சிவகுமாரும் 2000இல் ‘மெட்டீரியல்ஸ் சயின்ஸ்’ புல்லட்டினில் ஒரு கால்சியம் பாஸ்பேட் சிமெண்டைப் பற்றி எழுதினார்கள். இரண்டு பொடிகளை நீர்மத்தில் குழைத்தால் உடலின் வெப்பநிலையிலேயே இறுகி அபடைட் ஆகும் பொருள். அமெரிக்காவில் பிரௌனும் சோவும் 1980களில் கண்ட வழி. மூட்டு மாற்றில் பயன்படும் பிளாஸ்டிக் சிமெண்டு இறுகும்போது சூடாகும், இது சூடாகாது. ஆனால் ஊசியில் வைத்து அழுத்தினால் நீர் முன்னே போகும், பொடி பின்னே தங்கும். அந்தச் சிக்கலைத் தீர்த்து, முழுவதும் ஊசிவழியே செலுத்தத்தக்க வடிவத்தை 2003இல் வெளியிட்டார்கள். 2009இல் மனிதரின் பல்சூழ் எலும்புக் குழிகளில் அது பயன்பட்ட முடிவுகள் வந்தன. பொடியிலிருந்து ஊசிக்கு, ஊசியிலிருந்து வாய்க்கு, ஒன்பது ஆண்டு. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது மெதுவாகத் தோன்றலாம். எங்கள் துறையில் பெரும்பாலான பொருட்கள் வாய் வரைக்கும் வருவதே இல்லை. ஹைட்ராக்சிஅபடைட்டில் துத்தநாகம் சேர்த்தேன், ஸ்ட்ரான்சியம் சேர்த்தேன், மூன்று நாள் உயிரணுக்கள் ஒட்டியிருந்தன என்று கட்டுரை முடிந்துவிடும். அடுத்த மாணவர் மக்னீசியம் சேர்ப்பார். நானும் இந்த வரிசையில்தான் நிற்கிறேன்.

அப்பாவின் காலுக்கு இதில் ஏதேனும் உதவியிருக்குமா? எனக்கு நானே பலமுறை கேட்டுக்கொண்ட கேள்வி இது. பல்லடிக் குழி மூன்று பக்கம் எலும்பால் சூழப்பட்டது, சுமை குறைவு, குருதி தாராளம். அங்கே பீங்கான் வெல்லும். கூடாமல் போன கீழ்க்கால் எலும்பு அப்படியன்று. அங்கே தளம் மட்டும் போதாது, உயிரணுக்கள் வேண்டும். வெறும் பீங்கானை அங்கே திணித்திருந்தால் கால் கூடியிருக்காது. ஆகவே அன்று இடுப்பில் கைவைத்த மருத்துவர் செய்தது சரி.

இருந்தாலும் உளிக்கும் ஊசிக்கும் இடையே ஒரு வழி இருந்தது. பிலிப் ஹெர்னிகூ என்ற பிரெஞ்சு மருத்துவர் 2005இல் வெளியிட்ட ஆய்வு அப்பாவின் முறிவைப் போன்றவற்றையே எடுத்துக்கொண்டது: கூடாமல் போன 60 கீழ்க்கால் எலும்புகள். இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜையை ஊசியால் உறிஞ்சி, செறிவாக்கி, முறிவுக்குள் செலுத்தினார். 53 கூடின. கூடாத ஏழு பேரின் மஜ்ஜையில் எலும்பாக மாறவல்ல உயிரணுக்கள் குறைவாக இருந்தன. அதாவது, எண்ணிப்பார்த்துச் செலுத்தினால் யாருக்குக் கூடும் என்று ஓரளவு முன்கூட்டியே சொல்லலாம். அதே இடுப்புதான், ஆனால் கீறலும் இல்லை, நரம்பை இழுப்பதும் இல்லை, பெயர்த்த முகடும் இல்லை. பூஜப்புராவிலிருந்தும் 2009இல் இந்தத் திசையில் ஒரு கட்டுரை வந்தது. ஆட்டின் தொடையெலும்பில் ஒரு துண்டை முழுவதும் நீக்கிவிட்டு, கால்சியம் சிலிகேட் சேர்ந்த முக்கூட்டுப் பூச்சுள்ள ஹைட்ராக்சிஅபடைட்டை வைத்தார்கள். ஆட்டின் சொந்த உயிரணுக்களையும் குருதித்தட்டு நிறைந்த பிளாஸ்மாவையும் அதோடு சேர்த்தபோது எலும்பு இன்னும் நன்றாக வளர்ந்தது. தளத்தை நாம் தருவோம், உயிரணுக்களை நோயாளியிடம் ஊசிமுனை அளவில் வாங்குவோம் என்பதே இந்த வழி. என் ஆய்வு அதன் ஒரு சிறு மூலை: ஊசியில் எடுத்த மஜ்ஜையைப் பீங்கானின் துளைகள் சிந்தாமல் எவ்வளவு நேரம் பிடித்துவைக்கும் என்பது. பல்லாண்டு வேலை; விடை பாதகமாகவும் அமையலாம்.

இன்னொரு பாதையைக் குறிப்பிடாமல் விட்டால் எலும்பு மருத்துவ நண்பர்கள் சண்டைக்கு வருவார்கள். சைபீரியாவின் குர்கான் நகரில் இலிசரோவ் கண்ட வளைய முறையில் ஒட்டும் வேண்டாம், பொருளும் வேண்டாம். நல்ல எலும்பை ஓரிடத்தில் வெட்டி, நாளுக்கு ஒரு மில்லிமீட்டர், அதுவும் நான்கு தவணையாக, இழுத்துக்கொண்டே போனால் இடைவெளியில் புது எலும்பு பிறக்கும். ஆனால் காலில் கம்பிகளோடு பல மாதம் வீட்டில் உட்கார வேண்டும். தினக்கூலிக்காரர் வீட்டில் அதற்கு வேறொரு விலை உண்டு.

பீங்கான் முழுமை பெறும்வரை இடுப்பிலிருந்துதான் எடுக்கப்போகிறோம். அதனால் எலும்பு மருத்துவம் பயிலும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். இதற்கு ஆய்வு நிதியும் வேண்டாம், ஒப்புதல் குழுவும் வேண்டாம். அடிபட்ட காலின் பக்கமே எலும்பெடுப்பது வசதி. ஒரு பக்கத்தைக் கழுவித் துணி மூடினால் போதும் என்பது அறுவை அரங்கின் நியாயம். அதற்கு முன்னாள் மாலை வார்டில் சுற்றி வரும்போது நோயாளியிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: உங்கள் வேலையில் இடுப்பில் எதைக் கட்டுவீர்கள், எந்தப் பக்கம்? பனையேறி என்றால் அருவாப்பெட்டி தொங்கும் பக்கத்தைச் சொல்வார். தண்ணீர் சுமக்கும் பெண் என்றால் குடம் எந்த இடுப்பில், கைக்குழந்தை இருந்தால் எந்த இடுப்பில் என்று சொல்வார். மறுபக்கத்தில் எடுங்கள், முடிந்தால் பின்புற விளிம்பில் எடுங்கள். ஆறாம் மாதம் எக்ஸ்ரே பார்க்க வரும்போது, காலைப் பார்த்தபின், எடுத்த இடத்தையும் தொட்டுப் பார்த்துக் கோப்பில் ஒரு வரி எழுதுங்கள்.